நாலு விரல் குறைந்த இடது கால்

இன்றைக்கும் நான் ஒற்றைக் காலில் நின்றுதான் பல் விளக்குகிறேன். மேல் வரிசை முடியும்வரை இடது கால், கீழ் வரிசைக்கு வலது கால். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த என் வீட்டுக்காரர், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது, கேட்டால் சாமி குற்றமாகிவிடும் என்று ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பொறுக்க முடியாமல் கேட்டார். போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் பிசியோதெரபி பார்க்கிற என் சிநேகிதியின் பெயரைச் சொல்லி, அவளுக்காக நிற்கிறேன் என்றேன். மனுஷருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு அன்று முழுதாகச் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. அம்மா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். பின்பக்கம் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரளத்துப் பக்கத்து எஸ்டேட்டில் பகல் முழுக்கச் சரிவில் குந்தி, செடியின் தூரில் கிடக்கிற சரங்களிலிருந்து காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள். கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் நான் வீட்டில் இருந்த வருடங்களில் சனி, ஞாயிறு நானும் கூடப் போனேன். மற்ற நாட்களில் சாயங்காலம் போடிக்கு பஸ் ஏறிப் போய்க் கபடி ஆடினேன். எங்கள் பெண்கள் டீமில் பாடிப் போகிறவள் நான். எதிராளிகளின் கோட்டுக்குள் ஏறிப் போய், தொட்டுவிட்டு, அவர்கள் கையில் சிக்காமல் திரும்புவது என் சோலி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆட்டத்துக்கு அது நல்லது என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் சனி, ஞாயிறு என்பது போய் ஏழு நாளும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அம்மா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஜீப்பில் தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைக்கும்போது அவள் முகம் நன்றாக இருக்காது. தகுதிப் போட்டிக்கு எட்டு வாரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டீமில் கணுக்கால் மடங்கும் சீசன் ஆரம்பித்தது. முதலில் தேவாரம் ஊரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் வெளிப்பக்கம் மடங்கி, பூசணிக்காயாக வீங்கியது. எங்கள் கோச் அண்ணன் பகலில் ஏலக்காய் ஸ்டோரில் காயைப் பருமன் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை பார்ப்பவர். சாயங்காலம் மேலெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு விசிலைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். "கண்ணு பட்டுருச்சு" என்று சொல்லி மைதானத்தின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார். எங்களுக்கும் மனசு சமாதானமானது.

என் சிநேகிதிக்குச் சமாதானமாகவில்லை. அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மலையில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, போடியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். மதுரையில் பிசியோதெரபி முடித்து, அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைப் பிடித்துப் பலகை மாட்டியிருந்தாள். மடங்கின இரண்டு கால்களையும் பார்த்தவள் அவள்தான். ஒருநாள் மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, அடுத்து யாருக்கு மடங்க வாய்ப்பிருக்குன்னு முன்கூட்டியே பாக்கலாம். ஒரு பரீட்சை இருக்கு. எல்லாரையும் ஒத்தக் கால்ல நிக்கவச்சு அளந்து பாக்குறேன்" என்றாள்.

"தாயி, நான் காய அள்ளிப் பாத்த ஒடனே இது எட்டு மில்லி, இது ஏழு மில்லின்னு கண்ணாலயே சொல்லிருவேன். எம் புள்ளைக காலு எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

"அப்பறம் எதுக்குண்ணே ஸ்டோர்ல சல்லடை வச்சிருக்கீங்க?"

அண்ணன் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "சரி, பாத்துட்டு வெரசா விடு" என்றார்.

பரீட்சை கேட்பதற்குச் சுலபம்தான். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து மூன்று கோடு: நேர் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று. புள்ளியில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மற்றக் காலைக் கோட்டின் மேல் எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ நீட்டி, பெருவிரலால் லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு கையும் இடுப்பில். கை இடுப்பை விட்டு வந்தால் செல்லாது, மறுபடியும் நிற்க வேண்டும். இடது காலில் நிற்கும்போது எட்டுகிற தூரமும் வலது காலில் நிற்கும்போது எட்டுகிற தூரமும் ரொம்ப வித்தியாசப்பட்டால், எந்தக் கால் குறைகிறதோ அந்தக் கணுக்காலில் கவனம் வேண்டும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வராந்தாவில் அப்போதுதான் சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். சாக்பீஸ் கோடு போட்டால் வாட்ச்மேன் சண்டைக்கு வருவார். அதனால் அவள் நோட்டுப் புத்தகத் தாள்களை நீளமாக ஒட்டி, சென்டிமீட்டர் எழுதிக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. முதலில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டாள், இதற்கு முன்னால் எப்போதாவது கால் பிசகியிருக்கிறதா என்று. கட்டுப் போட்டிருந்த இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இல்லை என்றோம். நானும் இல்லை என்றேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஒருத்தி காலை நீட்டுவாள், தாளுக்கு ஒரு சாண் இருக்கும்போதே உடம்பு தள்ளாடித் திரும்பிவிடுவாள். இன்னொருத்தி தாளைத் தொட்டதும் தடுமாறிக் குனிந்துவிடுவாள். என் முறை வந்தது. எகிறிக் குதித்து நாலு பேரைத் தட்டிவிட்டு வருகிற எனக்கும் அந்த மூன்று தாளுக்கு முன்னால் கால் ஓடவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. "கொக்கு வேலைக்கா நாங்க கபடிக்கு வந்தோம்?" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். கால் மடங்காதவர்கள் அத்தனை பேரும் தோற்றுவிட்டோம்.

"ஒம் பரீட்சைப்படி பாத்தா எங்க டீமே ஆஸ்பத்திரில கெடக்கணும் தாயி. இது ஓட்டைச் சல்லடை" என்றார் அண்ணன்.

அவள் "சாரமில்ல" என்று மலையில் பழகின மலையாளத்தில் முனகிக்கொண்டு தாள்களைச் சுருட்டினாள். பரவாயில்லை என்று அர்த்தம். அவள் முகத்தைப் பார்த்தால் பரவாயில்லாதது போலத்தான் இருந்தது. கூடச் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மறுநாள் தகுதிப் போட்டிக்கான அழைப்புக் கடிதம் வந்தது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சிலமலை பஸ்சில் ஏறினேன். நிற்கத்தான் இடம் கிடைத்தது. அதை ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டார். கடிதம் கைநழுவிக் கீழே விழுந்து, என் செருப்புக் கால் அதன் ஓரத்தில் பட்டுவிட்டது. பதறிப்போய்க் கம்பியை விட்டுவிட்டுக் குனிந்தேன். எடுத்து, துடைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்குள் பஸ் திரும்பியது. நான் போய் ஒரு காய்கறிக் கூடை மேல் விழுந்தேன்.

"பேப்பர்ல காலு பட்டதுக்கா இப்பிடிப் பதறுற? நல்ல புள்ள" என்று கூடைக்காரம்மா திட்டாமல் என்னைத் தூக்கிவிட்டார்.

எனக்குச் சட்டென்று வராந்தா ஞாபகம் வந்தது. நாங்கள் யாரும் தள்ளாடவில்லை. காகிதத்தில் கால் படாமல் பார்த்துக்கொண்டோம். பட்டவர்கள் குனிந்து தொட்டுக் கும்பிடப் போய்த் தடுமாறினார்கள். படிக்கிற காலத்திலிருந்து உடம்பில் ஊறினது அது. நோட்டில் கால் பட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று ஒன்றாம் வகுப்பில் பயந்தது, இடுப்பில் கையை வைத்துக்கொள் என்றால் நிற்குமா? என் சிநேகிதியும் என்னோடு படித்தவள்தான். அவளுக்கே தோன்றவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போடிக்கே போனேன். அவள் அறையில் தனியாக உட்கார்ந்து தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி, ஒம் பரீட்சையில ஒண்ணும் தப்பில்ல. பேப்பர்லதான் தப்பு" என்றேன்.

விளங்காமல் பார்த்தாள். நான் அவளுடைய நோட்டைப் பிடுங்கி அவள் கால்மாட்டில் போட்டேன். துள்ளிக் காலை இழுத்துக்கொண்டு, குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். ஒற்றின கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம். நேற்றுச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் மறுபரீட்சைக்கு அண்ணனே ஸ்டோரிலிருந்து பழைய ஏலக்காய்ச் சாக்கு கொடுத்தார். "போனாப் போகுது, ஒரு தடவ பாத்துரு" என்று முனகிக்கொண்டுதான் கொடுத்தார். அதை நீளவாக்கில் வெட்டித் தைத்து, பெயின்டால் அளவு போட்டாள். சாக்கை மிதிக்க யாருக்கும் பயமில்லை. நின்றோம், நீட்டினோம், தொட்டோம், திரும்பினோம். கால் மடங்கி ஆறிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் அவள் நிற்க விடவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. ஒரே ஒருத்திக்குத்தான் வரவில்லை. இடது காலில் நின்று முன்னால் எட்டும்போது, வலது காலில் நின்றதைவிட நாலு விரல் குறைவு. அந்த ஒருத்தி நான்.

தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே நான்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்ப நான் விழுந்துருவேங்கிறியா?" என்றேன்.

"விழுவன்னு சொல்லல. இது ஜோசியம் இல்ல. மத்தவங்களவிட ஒனக்கு மடங்குறதுக்கு வாய்ப்பு கூடன்னு சொல்றேன். முன்னாடி அந்தக் கால்ல அடிபட்டிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்லன்னா இல்லதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா உலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏத்தா, போன மழைக்கு மெட்டுல ஜீப்பு நிக்கிறதுக்குள்ள குதிச்சு, காலு திரும்பிப்போச்சே. புளிப் பத்துப் போட்டமே. மறந்துட்டியா?" என்றாள்.

மறக்கவில்லை. ஆனால் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அடிபடுவது என்றால் ஆட்டத்தில் படுவது. மலையில், சோலியில் படுவதெல்லாம் அடியா? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சரிவில் வழுக்குவதும் முட்டி தேய்வதும் அட்டை கடிப்பதும் வேலையில் சேர்த்தி. மடங்கின மறுநாளே பத்தைக் கழுவிவிட்டு, நொண்டிக்கொண்டே காய் எடுக்கப் போயிருந்தேன். வலி போனதும் கால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வலிதான் சரியாகியிருந்தது.

மறுநாள் போய்ச் சிநேகிதியிடம் ஒப்புக்கொண்டேன். அவள், "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கே அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவள் இடத்தில் நானாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். ஆறு வாரத்துக்கு வேலை எழுதிக் கொடுத்தாள். தினமும் இடது காலில் நிற்பது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. அப்புறம் மடித்த சாக்கின் மேல் நின்று, அவள் எறிகிற பந்தைப் பிடிப்பது. குதித்து ஒற்றைக் காலில் இறங்கி அசையாமல் நிற்பது. முதல் மூன்று வாரம் பாடிப் போகக் கூடாது. ஆறு வாரமும் மலைக்குப் போகவே கூடாது.

இந்தக் கடைசிச் சேதியை வீட்டில் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. காய் அதிகம் வருகிற சமயம் அது. சொன்னதும் அம்மா, "ஆறு வாரந்தான? நான் பாத்துக்கிறேன்" என்றாள். அந்தச் சனிக்கிழமை காலையில் ஜீப் வந்து நின்றது. வாசலில் ஒற்றைக் காலில் நின்றபடி நான் கையசைத்தேன். ஜீப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா சிரித்த முகமாக இருந்தாள். அந்த இடத்தில் நான் இல்லை என்று அவள் சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்ததால் அந்தத் தடவை செல்லாமல் போனது.

எங்கே நேரம் கிடைத்தாலும் நின்றேன். அடுப்படியில், குழாயடியில், பஸ் ஸ்டாப்பில். சிலமலை ஸ்டாப்பில் ஒரு அம்மா என்னையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் தாயி?" என்று கேட்டார். "கணுக்காலுக்கு" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீமில் எல்லாரும் என்னைக் கொக்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் விதைத்ததுதான், சிரித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருத்தியாக அவர்களும் என் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஆறாவது வாரம் சாக்கை விரித்துப் பார்த்தபோது நாலு விரல் ஒரு விரலாகக் குறைந்திருந்தது.

தகுதிப் போட்டி ரப்பர் விரிப்பில் நடந்தது. எங்கள் மண் மைதானத்தில் கால் வழுக்கிக்கொண்டு போகும். விரிப்பில் ஷூ அப்படியே பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது. இரண்டாவது பாதியில் பாடிப் போனேன். ஒருத்தியைத் தொட்டுவிட்டு, பின்னால் வந்த கையைத் தாண்டிக் குதித்தேன். இறங்கும்போது இடது கால் விரிப்பில் படவில்லை. எதிராளி ஒருத்தியின் பாதத்தின் மேல் பட்டது. கணுக்கால் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்குவது எனக்குத் தெரிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். என்னைக் கேட்காமலே கால் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மடித்த சாக்கின் மேல் நின்றபோது எத்தனையோ தடவை செய்த அதே சின்ன வெட்டி இழுப்பு. அடுத்த காலை வைத்தேன், நடுக்கோட்டைத் தொட்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

வேலை கிடைத்தது. ஸ்டோரில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்த அண்ணன் என்னிடம், "பாத்தியாத்தா, அந்தப் புள்ள மடங்கும்னுச்சு, மடங்கவே இல்ல பாரு. கண்ணுதான் கண்ணு, சல்லடை சல்லடைதான்" என்றார். எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. அப்புறம்தான் உறைத்தது. என் கால் மடங்கியிருந்தால் ஊரே அவளைக் கெட்டிக்காரி என்றிருக்கும். மடங்காமல் பார்த்துக்கொண்டதால் அவள் சொன்னது பொய்யாகிவிட்டது. நடக்காத ஒன்றுக்கு யார் வந்து சாட்சி சொல்வார்கள்? அந்தக் காலுக்குள் இருந்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் மிட்டாயை வாங்கிக்கொண்டு, "அந்தச் சல்லடையாலதாண்ணே எனக்கு வேலை கெடச்சுச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் டீமை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்.

நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நேரில் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் உத்தரவை அவள் கையில் கொடுத்தேன். என் வயசுக்காரி, காலில் விழுந்தால் அடிப்பாள். அவள் உத்தரவைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த சாக்கை எடுத்து விரித்தாள்.

"அழுவறதெல்லாம் அப்பறம். அந்த ஒரு விரல் என்னாச்சுன்னு பாக்கணும். ஏறு" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கையை இடுப்பில் வைத்து, இடது காலில் நின்றேன். வலது காலை முன்னால் நீட்டினேன். பெருவிரல் சாக்கைத் தொட்டது. யாரும் கும்பிட மாட்டார்கள் என்றுதான் அந்தச் சாக்கைத் தேர்ந்தெடுத்தோம். நான் இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். அந்த ஒற்றைக் காலிலேயே குனிந்து, சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். தள்ளாடவில்லை.

அவள் கையிலிருந்த பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கைய எடுத்துட்ட" என்றாள் கடைசியில், குரல் உடைந்து. "செல்லாது. மறுபடியும் நில்லு."